வீட்டுக்கும் ஒரு செக்ரோல்
செய்ய வேண்டிய வேலைகளை எழுதி வைத்து முடிப்பது எப்படி?

தோட்டத்தில் ஒரு நாள் எப்படித் தொடங்குகிறது என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. பிரட்டுக்களத்தில் பேர் போட்டு, எந்த மலையில் கொழுந்து, கவ்வாத்துக்கு எத்தனை பேர், புல்லு வெட்ட யார், கான் வெட்ட யார் என்று பிரித்துக் கொடுத்த பிறகுதான் கூடை முதுகில் ஏறும். எந்த மலைக்கு எந்த நாள் திரும்பிப் போக வேண்டும் என்பதும் கணக்கில் இருக்கும். கொழுந்துக் காலத்தில் ஏழெட்டு நாளுக்கு மேல் ஒரு மலையைப் பறிக்காமல் விட்டால் கொழுந்து முத்திப் போகும் என்பது கூடை பிடித்த எல்லாருக்கும் தெரியும். இத்தனை பெரிய தோட்டத்தை யாரும் மனக்கணக்கில் நடத்துவதில்லை. எல்லாம் எழுத்தில்தான் நடக்கிறது.

ஆனால் சாயங்காலம் லயத்துக் காம்பராவுக்குத் திரும்பி வந்தால் அங்கே செக்ரோல் இல்லை. வீட்டுக் கணக்கு முழுதும் ஒரு ஆளின் தலைக்குள் இருக்கிறது. பெரும்பாலும் அது அம்மாவின் தலை.

அந்தத் தலைக்குள் என்னவெல்லாம் கிடக்கிறது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். சின்னவனுக்கு 9 மாத ஊசி போட வேண்டும். பெரியவளுக்கு அடையாள அட்டைப் பாரம் கொடுக்க வேண்டும். மாமனாருக்குப் பிரஷர் கிளினிக். சீட்டுக் காசு கட்ட வேண்டும். கடைக் கொப்பியில் பாக்கி. அடகு வைத்த தோட்டுக்குத் தவணை. கூரைத் தகரத்தில் ஓட்டை. பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்று டீச்சர் துண்டு அனுப்பி மூன்று நாள் ஆகிவிட்டது. இதோடு விடியக்காலை எழும்பி, பீலியில் தண்ணி பிடித்து, ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பிரட்டுக்கு ஓட வேண்டும். இதில் ஒன்றிரண்டு மறக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

மறப்பதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. சத்தம் போடுகிற வேலை எப்போதும் முந்திக்கொள்ளும். அரிசி முடிந்தால் பிள்ளை அழும். கூரை ஒழுகினால் பாய் நனையும். சீட்டுக் காசு கட்டாவிட்டால் சீட்டுக்காரம்மா வாசலில் வந்து நிற்பார். இவற்றை யாரும் மறப்பதில்லை. சத்தம் போடாத வேலைகள்தான் பின்னுக்குப் போகின்றன. அடையாள அட்டை சத்தம் போடாது. பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துப் பிழையும் சத்தம் போடாது. அவை ஐந்து வருஷம், பத்து வருஷம் அமைதியாக இருந்துவிட்டு, சாதாரண தரப் பரீட்சைக்கு முந்தின வாரத்திலோ, சேமலாபக் காசு எடுக்கப் போகும் நாளிலோ ஒரேயடியாக வந்து நிற்கும். அப்படிப்பட்ட வேலைகளுக்காகவே முக்கியமாக ஒரு லிஸ்ட் வேண்டும் என்கிறோம்.

இதற்குப் பெரிய செலவு கிடையாது. 80 பக்கக் கொப்பி ஒன்று, நூலில் கட்டித் தொங்கவிட்ட பென்சில் ஒன்று. விளக்குக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து அதில் மாட்டி வையுங்கள். "இப்போ எல்லாம் போனிலேயே எழுதலாமே" என்று பிள்ளைகள் சொல்வார்கள். எழுதலாம்தான். ஆனால் போன் ஒருவர் கையில் இருக்கும், அதுவும் அதிக நேரம் தம்பி கையில்தான் இருக்கும். கொப்பி எல்லார் கண்ணிலும் படும். திகதி குறித்த காரியங்களை மட்டும், கடையில் வருஷப் பிறப்புக்குக் கொடுக்கிற கலண்டரில் வட்டம் போட்டு வைத்தால் போதும்.

கொப்பியின் முன்பக்கத்தில் பெரிய லிஸ்ட். மனசில் வருகிற எல்லா வேலையையும், பெரிதோ சிறிதோ, அவசரமோ ஆறுதலோ, வந்த வரிசையில் அதில் எழுதிவிடுங்கள். முதல் நாள் எழுதும்போது இரண்டு பக்கம் நிறைந்துவிடும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அத்தனையும் ஏற்கெனவே தலைக்குள் இருந்த பாரம்தான், இறக்கி வைத்ததால் கண்ணுக்குத் தெரிகிறது. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருந்து நாளைய துண்டு. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பெரிய லிஸ்டைப் பார்த்து, நாளைக்கு நிச்சயமாகச் செய்யக்கூடியதாக மூன்று வேலையை மட்டும் அதில் எழுதுங்கள். ஏன் மூன்று? கொழுந்து நிறுத்து, மடுவத்தால் இறங்கி, வீடு வந்து சேர்ந்து, சமையலும் முடித்த பிறகு ஒரு மனுஷிக்கு மிச்சம் இருக்கும் நேரத்தில் அதற்கு மேல் முடியாது. பத்து எழுதி மூன்று முடித்தால் ஏழு மிச்சம் என்று மனசு சோரும். அதே மூன்றை, மூன்றே எழுதி முடித்தால் நிம்மதியாகப் படுக்கலாம்.

அரிசி, பருப்பு, சவர்க்காரம் போன்ற சாமான் லிஸ்டை இதோடு கலக்க வேண்டாம். அது வேறு துண்டு. கலந்தால் "தேங்காய் இரண்டு" என்பதற்குப் பக்கத்தில் "சேமலாப இலக்கம்" ஒளிந்துவிடும்.

அடுத்தது, எப்படி எழுதுவது என்பது. இதில்தான் அதிகம் பேர் சலித்துப்போய்க் கொப்பியை மூடி வைக்கிறார்கள். "அடையாள அட்டை" என்று இரண்டு சொல் எழுதினால் அது வேலை அல்ல, தலையங்கம். அதை வாசித்ததும் என்ன செய்வது என்று தெரியாது. தெரியாததால் அடுத்த வரிக்குப் போய்விடுவோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் அந்த இரண்டு சொல் அங்கேயே இருக்கும். ஒரு வரியை வாசித்தவுடன் எழும்பிப் போய்ச் செய்ய முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த வரியை இன்னும் உடைக்க வேண்டும்.

அடையாள அட்டையையே எடுத்துக்கொள்வோம். பிள்ளைக்கு 15 வயது முடிந்தால் விண்ணப்பிக்கலாம். அதற்கு முதலில் பிறப்புச் சான்றிதழ் வீட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டியைத் திறந்து தேடுவதுதான் முதல் வேலை, இன்றைக்கு ராத்திரியே செய்யலாம். இல்லாவிட்டால் பிரதேச செயலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவுப் பகுதியில் பிரதி கேட்க வேண்டும். அது டவுண் வேலை. சான்றிதழ் இருந்தால் அதில் பிள்ளையின் பெயரும் தகப்பன் தாய் பெயரும் சரியாக இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாக வாசிக்க வேண்டும். படிக்கிற பிள்ளை என்றால் பள்ளிக்கூட அதிபர் வழியாகப் பாரம் போகும். படிப்பை நிறுத்திய பிள்ளை என்றால் கிராம உத்தியோகத்தரிடமோ தோட்ட ஆபீஸிலோ விசாரிக்க வேண்டும். படம் எடுப்பதற்கு எல்லா ஸ்டூடியோவும் சரிவராது, ஆட்பதிவுத் திணைக்களம் அனுமதித்த ஸ்டூடியோ எது என்று கேட்டுப் போக வேண்டும். இப்போது பாருங்கள், "அடையாள அட்டை" என்ற ஒரு மலை ஐந்தாறு நிரைகளாகப் பிரிந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு நிரை பிடித்தால் மலை முடியும்.

ஒரு குடும்பத்தின் நாளைய துண்டு இப்படி இருக்கலாம்:

பெட்டியில் பெரியவளின் பிறப்புச் சான்றிதழ் தேட - அம்மா, ராத்திரி.
பிள்ளைக் காம்பரா அம்மாவிடம் ஊசித் திகதி கேட்க - அப்பா, பிள்ளையை விடும்போது.
டீச்சர் அனுப்பிய துண்டுக்குப் பதில் எழுதிக் கொடுக்க - தம்பி, காலையில்.

ஒவ்வொரு வரியிலும் வேலை, ஆள், நேரம் மூன்றும் இருப்பதைக் கவனியுங்கள். ஆள் பெயர் இல்லாத வேலை எல்லாருடைய வேலை. அதனால் யாருடைய வேலையும் இல்லை. குழந்தையின் தடுப்பூசிகள் 2, 4, 6, 9, 12 மாதங்களிலும் ஒன்றரை வயதிலும் பிறகு 3 வயதிலும் வரும். குழந்தை பிறந்ததும் கொடுக்கிற பதிவேட்டைப் பார்த்து இவ்வளவையும் ஒரே நாளில் கலண்டரில் குறித்துவிடலாம். ஒவ்வொரு தடவையும் ஞாபகம் வைக்கத் தேவையில்லை.

இனி டவுண் வேலை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு போகிற இடம் இதுதான். அரசாங்க அலுவலகங்கள் திறந்திருக்கும் நாளில்தான் நமக்கும் மலையில் வேலை. ஒரு தடவை டவுணுக்கு இறங்கினால் ஒரு பேர் போச்சு. பஸ் காசு, பிள்ளைக்கு ஒரு பனிஸ், தேத்தண்ணி வேறு. அங்கே போய், "பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி கொண்டு வரவில்லையே, நாளைக்கு வாங்க" என்று சொன்னால் இரண்டு பேர் போச்சு. ஒரே ஒரு கடுதாசிக்காக நாலு தடவை ஏறி இறங்கியவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். அலுவலகத்தில் இருப்பவர்கள் எத்தனை பேர் ஒரே தடவையில் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்கிறார்கள் என்பது வேறு கதை. அதை நம்மால் உடனே மாற்ற முடியாது. நம் பக்கத்தில் இருக்கிற ஓட்டையை அடைக்கலாம்.

அதற்குக் கொப்பியில் "டவுண்" என்று தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். டவுணில் மட்டுமே செய்யக்கூடிய எல்லாவற்றையும் அங்கே சேர்த்துக்கொண்டு வாருங்கள்: பிரதேச செயலகம், தொழில் அலுவலகம், பாங்கு, அடகுக்கடை, ஆஸ்பத்திரி, ஸ்டூடியோ. அவசரம் ஒன்றும் இல்லாவிட்டால் மூன்று நாலு வேலை சேரும் வரைக்கும் போக வேண்டாம். போவதற்கு முதல் நாள் அந்த அலுவலகத்துக்கு ஒரு போன் எடுத்து, நாளைக்குப் பொதுமக்கள் நாளா, குறித்த உத்தியோகத்தர் இருப்பாரா, என்னென்ன கடுதாசி வேண்டும் என்று மூன்று கேள்வி கேளுங்கள். சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மூலப்பிரதியும் போட்டோக் கொப்பியும் அடையாள அட்டையும் பேனையும் முன்பு கொடுத்த பற்றுச்சீட்டும் ராத்திரியே பைக்குள் போய்விட வேண்டும். டவுணில் இறங்கியதும் முதலில் வரிசை நீளமாக வரும் அலுவலகம், பிறகு பாங்கு, கடைசியாகத்தான் சாமான். கடைத்தெருவில் தொடங்கினால் அலுவலகம் சாப்பாட்டுக்குப் போயிருக்கும்.

திரும்பி வந்ததும் படுப்பதற்கு முன் இரண்டு வரி எழுத வேண்டும். யாரிடம் கொடுத்தோம், என்ன திகதி, பற்றுச்சீட்டு இலக்கம் என்ன, மறுபடி எப்போது வரச் சொன்னார்கள். பெயர் தெரியாவிட்டால் பதவியை எழுதுங்கள். "அன்னைக்கு ஒரு ஐயா சொன்னாருங்க" என்பதற்கும் "மார்ச் 12ஆம் திகதி உங்கள் பதிவுப் பகுதியில் இந்த இலக்கத்தில் கொடுத்தேன்" என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பக்கத்துக் காம்பராக்காரர் யாராவது டவுணுக்குப் போனால், பாரம் வாங்கி வருவது போன்ற சின்ன வேலையை அவரிடமும் சொல்லி அனுப்பலாம். அவருக்கு நீங்களும் அப்படியே. கையெழுத்து வைக்கிற வேலைக்கு மட்டும் ஆளே போக வேண்டும்.

ஓய்வு பெறும் வயதை நெருங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். வேலை நின்ற பிறகு லிஸ்ட் போட்டால் பிந்திவிட்டது. இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்பே தொடங்குங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் தோட்டம் தன் பங்காக 12 வீதமும் கட்ட வேண்டும். நம்பிக்கை நிதியத்துக்கு உங்களிடம் பிடிக்காமல் தோட்டமே 3 வீதம் கட்ட வேண்டும். வேலையில் இருந்து நின்றுவிட்டால் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாபக் காசைக் கேட்கலாம். 5 வருஷம் முடித்த தொழிலாளிக்குச் சேவைக்காலப் பணமும் உண்டு. நாட்சம்பளக்காரருக்கு அது வருஷத்துக்கு 14 நாள் சம்பளம், வேலை நின்று 30 நாளுக்குள் கொடுபட வேண்டும். இவை 1958, 1980, 1983ஆம் ஆண்டுகளின் சட்டங்களில் உள்ள உரிமைகள், யாரும் தருகிற தர்மம் அல்ல.

இந்தக் காசு எங்கே தடைப்படுகிறது தெரியுமா? பெரும்பாலும் பெயரில். பிறப்புச் சான்றிதழில் இராமாயி, செக்ரோலில் ராமாயி, அடையாள அட்டையில் ராமாய். கலியாணத்துக்குப் பிறகு தகப்பன் பெயர் இருந்த இடத்தில் புருஷன் பெயர். நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். கடுதாசிக்கு அது மூன்று ஆள். முப்பது வருஷம் குளிரிலும் மழையிலும் அட்டைக் கடியிலும் நின்று சேர்த்த காசு ஒரு எழுத்துக்காக மாதக்கணக்கில் நிற்கும். ஆகவே பெரிய லிஸ்டின் முதல் வரியில் இதை எழுதுங்கள்: "அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சம்பளத் துண்டு மூன்றையும் ஒரு பக்கத்தில் வைத்துப் பெயரும் பிறந்த திகதியும் ஒத்துப் பார்க்க." பத்து நிமிஷ வேலை. வித்தியாசம் இருந்தால் அடுத்த வரி: "தோட்ட ஆபீஸில் கிளார்க் ஐயாவிடம் சேமலாப இலக்கமும் அதில் பதிந்த பெயரும் கேட்டு எழுதி வர." அதற்கடுத்த வரி, எதைத் திருத்த வேண்டும் என்று தொழில் அலுவலகத்தில் கேட்பது. சில சமயம் சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்தால் போதும், சில சமயம் சான்றிதழையே திருத்தச் சொல்வார்கள். வேலையில் இருக்கும்போதே செய்தால் இதெல்லாம் நடக்கக்கூடிய காரியம்.

"எனக்கு எழுத்து வராதே" என்று பெரியவர்கள் சொல்வது காதில் விழுகிறது. எழுத்து வருகிற பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் போதும். ராத்திரி அது வாசிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். முடிந்த வேலையை அம்மாவே பென்சிலால் கோடு இழுத்து வெட்டலாம், அதற்கு எழுத்துத் தேவையில்லை. ஊசிக்கு ஒரு ஊசிப் படம், பாங்குக்கு ஒரு வட்டக் காசு, ஆஸ்பத்திரிக்கு ஒரு சிலுவை என்று அடையாளம் வைத்துக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு. ஒன்று மட்டும் கவனம். கடன், அடகு போன்ற விஷயங்களைப் பிள்ளை கையால் ஊரறிய எழுத வேண்டாம். ஒரு புள்ளி வைத்தால் உங்களுக்குப் புரியும். கொப்பி ஆணியில் தொங்குகிறது, வருகிற போகிறவர்கள் எல்லாம் புரட்டுவார்கள்.

ஒரு மாதம் எழுதிய பிறகு பக்கங்களைப் பின்னுக்குப் புரட்டிப் பாருங்கள். இரண்டு விஷயம் தெரியவரும். ஒன்று, சில வரிகள் முடியாமல் ஒவ்வொரு வாரமும் இடம் மாறி இடம் மாறி வந்துகொண்டே இருக்கும். மூன்று தடவை தள்ளிப்போன வேலையை நாலாவது தடவை அப்படியே எழுத வேண்டாம். ஏன் நடக்கவில்லை என்று கேளுங்கள். காசு இல்லையா? அப்படியானால் உண்மையான வேலை "சம்பளத்தில் இவ்வளவு ஒதுக்க" என்பதுதான். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லையா? அப்படியானால் நலன்புரி உத்தியோகத்தரிடமோ தலைவரிடமோ கேட்பதுதான் அடுத்த வரி. செய்யவே தேவையில்லாத வேலையா? வெட்டிவிடுங்கள். வெட்டுவதும் ஒரு முடிவுதான்.

இரண்டாவது, ஆள் பெயர்களை எண்ணிப் பாருங்கள். பத்தில் எட்டு "அம்மா" என்று இருந்தால் அந்த லிஸ்ட் சரியில்லை. பகல் முழுதும் கூடை சுமந்தவருக்கே ராத்திரியும் எட்டு வேலை! கொழுந்து மடுவத்தில் ஒருவர் கூடையிலே எல்லாக் கொழுந்தையும் கொட்டி நிறுப்பதில்லையே. மூத்த பெண் பிள்ளை தலையில் மாற்றி வைப்பதும் பதில் ஆகாது, அவளுக்குப் படிப்பு இருக்கிறது. அரை நாள் வேலை முடிந்து வெள்ளனவே வீட்டுக்கு வருகிற ஆம்பிளைகள், தவறணைப் பக்கம் திரும்புவதற்கு முன் கொப்பிப் பக்கம் திரும்பலாம். கிளினிக்குக்குத் துண்டு எடுப்பதும் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போவதும் அப்பாக்களாலும் முடிகிற வேலைகள்தான்.

கடைசியாக, மழைக்கு முந்தின லிஸ்ட். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மே மாதக் கடைசியில் தென்மேல் பருவமழை தொடங்கும். பதுளைப் பக்கம் வருஷக் கடைசியில்தான் பெரிய மழை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மறுபடியும் மலைகள் சரிந்தன. உயிர் தப்பினாலும் கையில் ஒரு கடுதாசியும் இல்லாமல் வெளியே வந்தால், இழந்ததற்கு உதவி கேட்கக்கூட நீங்கள் யார் என்று காட்ட வேண்டியிருக்கும்.

மழைக்கு ஒரு மாதம் இருக்கும்போது இந்த வரிகளைக் கொப்பியில் ஏற்றுங்கள். கூரைத் தகரத்தின் ஆணிகளைப் பார்க்க. லயத்துக்குப் பின்னால் உள்ள கானைத் துப்புரவாக்க. மேல் சரிவிலோ சுவரிலோ புது வெடிப்பு இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துத் தோட்ட ஆபீஸிலும் கிராம உத்தியோகத்தரிடமும் சொல்ல. அம்புலன்ஸுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்று கொப்பி அட்டையில் பெரிதாக எழுத. பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், பாங்குப் புத்தகம், சேமலாப இலக்கம் எழுதிய துண்டு, கிளினிக் அட்டை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, கதவுக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் உயரத்தில் மாட்ட. ராத்திரி வெளியேறச் சொன்னால் அந்தப் பையை எடுப்பவர் யார், பாட்டியைப் பிடித்துக்கொள்பவர் யார், சின்னவனைத் தூக்குபவர் யார் என்பதையும் பெயர் போட்டே எழுதுங்கள். நடுச்சாமத்தில் மழைக்குள் நின்றுகொண்டு அதைப் பேசிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.